பழ வாசனை போகும் வரை

எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. மூக்கும் ஜாஸ்திதான், அதை மட்டும் யாரும் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று, கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இன்றைக்குக் குடித்திருக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடித்துப் பழகிய மூக்கு. அது ஒரு நாளும் என்னை ஏமாற்றியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற தொழில். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்னக் கடை. ஒரு நடவு சமயத்தில், காலையிலேயே கை நடுங்கி, கம்பிச் சுற்றின் எண்ணிக்கை தப்பி, அவர் கட்டிக் கொடுத்த மோட்டார் கிணற்றில் இறக்கிய அன்றே புகைந்துபோனது. மோட்டாருக்குச் சொந்தக்காரர் திட்டவில்லை. கடை வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார். அன்றோடு இவர் குடியை விட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. இன்னொரு தடவை அந்த வாசனை வாயில் வந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு தியாகதுருகத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று சொன்னேன். மூன்று நாளுக்கு வேண்டிய துணியை ஒரு பையில் அடைத்துப் பரண்மேல் போட்டேன். அவர் பார்க்கும்படிதான் போட்டேன்.

அதற்கப்புறம் பதிமூன்று மாதம் அந்தப் பையை நான் தொடவில்லை. அந்தத் தைரியத்தில்தான் சென்ட் வாங்கப் போனேன்.

நான் கல்வராயன் மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மாத்திரை, களிம்பு, டிஞ்சர் என்று எல்லா வாசனையும் புடவையில் ஏறிக்கொள்ளும். வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் குளித்துவிடுவேன். அப்படியிருந்தும் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி என்னை ஆஸ்பத்திரியா என்று கேட்டுவிட்டாள். வந்த கோபத்தில் மறுநாளே கடைத்தெருவில் அத்தரும் சென்ட்டும் விற்கிற பாய் கடைக்குப் போய் நின்றேன்.

அவர் நாலைந்து பாட்டிலைக் காட்டினார். ஒன்றை என் மணிக்கட்டில் அடித்தார். நான் வழக்கம்போல இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்கப் போனேன். பாய் பதறிவிட்டார். தேய்க்கக்கூடாதாம், அது தோலின் சூட்டில் தானாக வர வேண்டுமாம். பிடித்திருக்கிறது, கட்டிக் கொடுங்கள் என்றால் அதற்கும் மாட்டேன் என்றார்.

"இப்ப வாங்காதீங்கம்மா. இப்ப வர்றது நிக்கற வாசனை இல்ல. மொதல்ல பழம், அப்பறம் பூ, கடைசில தான் அதோட சூடு. சாயங்காலம் வரைக்கும் மோந்து பாத்துட்டு, புடிச்சா நாளிக்கு வாங்க."

வாங்க வந்தவளைத் திருப்பி அனுப்புகிற வியாபாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாள் போய் வாங்கினேன்.

அந்த சென்ட்டை நான் எவ்வளவு ஆசையாகப் போட்டுக்கொண்டேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. காலை ஆறரைக்குத் தலை வாரி முடித்ததும் இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு தடவை, கழுத்தில் ஒரு தடவை. அடித்தவுடன் பழ வாசனை குப்பென்று வரும். கொய்யா, பலா, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் எல்லாம் ஒரே கூடையில் இருக்கிற மாதிரி. அது ஒரு கால் மணி நேரம். ஏழு மணி பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் பழம் அடங்கிப் பூ வரும். முதலில் மல்லிகை, கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் சம்பங்கி. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போது காற்று குளிரும், வாசனையும் தோலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மணிக்கட்டை மூக்கோடு ஒட்டி வைத்தால்தான் தெரியும். பத்து மணிக்கு மேல், மருந்து ஜன்னலில் கூட்டம் சேர்ந்து உடம்பு சூடானதும், அந்த மூன்றாவது வாசனை வெளியே வரும். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. சந்தனம் கொஞ்சம், பால் கொஞ்சம், இஸ்திரி போட்ட துணியை அப்படியே எடுத்து மடியில் வைத்துக்கொண்ட சூடு கொஞ்சம். சாயங்காலம் வரை அதுதான் இருக்கும்.

என் தொழிலில் இதற்கு விளக்கம் உண்டு. ஸ்பிரிட் முதலில் பறக்கும், இலேசானது அதோடு போகும், கனமானது தோலிலேயே தங்கும். மாசி வெயிலில் பழம் சீக்கிரம் போய்விடும், மேலே குளிரில் பூ கொஞ்சம் கூடுதலாக நிற்கும். இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாகக் கவனித்தவள், அடித்தவுடன் வரும் அந்த ஸ்பிரிட் நெடியை மட்டும் கவனிக்கவே இல்லை. எப்படிக் கவனிப்பேன்? நாள் முழுக்க ஸ்பிரிட் பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது வெறும் காற்று.

சென்ட் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். கணவர் காலையில் வெளியே போவது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆறரை மணிக்குக் கையில் இருக்கிற டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். ஆறே முக்காலுக்குத் திரும்பி வருவார். வந்ததும் நேராகக் குடத்துக்குப் போய் இரண்டு சொம்பு தண்ணீர் மடமடவென்று குடிப்பார். நெற்றியில் வேர்த்திருக்கும். எங்கே போனீர்கள் என்று கேட்டால், சும்மா என்பார். பழைய நாட்களில் அவர் எங்கே போய் வந்தாலும் சும்மாதான் போய் வந்திருப்பார்.

காலை ஆறரைக்கு எந்தக் கடை திறந்திருக்கும் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் திருட்டுத்தனமாக பாட்டில் விற்கிற சந்துக்கடைக்குக் கதவே கிடையாது. போய் நின்றால் போதும், கிடைக்கும். பதிமூன்று மாதம் போட்ட வேலி சாய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் அதே நினைப்பு. மாத்திரையை ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்த்துக் கொடுத்தேன், என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

மூக்கை வேலைக்கு அனுப்பினேன். கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தேன். காயிலுக்கு ஊற்றுகிற வார்னிஷ் நெடி மட்டும்தான் அடித்தது. அந்த நெடிக்குப் பின்னால் ஒரு குவாட்டர் பாட்டிலே ஒளிந்திருந்தாலும் தெரியாது. துண்டை மோந்தேன், தலையணையை மோந்தேன். காலையில் அவர் பக்கத்தில் வந்தால் புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து மூச்சை இழுத்தேன். என் கழுத்திலிருந்து வருகிற சென்ட் வாசனைதான் மூக்கில் ஏறியது. இந்தக் கூத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு மகளிடம் கேட்டேன். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அப்பா காலையில் எங்கே போகிறார், பார்த்தாயா என்றேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"பின்னால காலி மனை இருக்குதில்ல, அங்க செவுத்தப் பாத்துக்கினு நிக்கும்."

சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆண்பிள்ளை என்ன செய்வான்? ஒன்று அது, இல்லாவிட்டால் இது. அதற்கு வீட்டிலேயே கக்கூஸ் இருக்கிறது. மறுநாள் சீக்கிரம் எழுந்து அந்தக் காலி மனைக்குப் போய்ப் பார்த்தேன். காலி பாட்டில் ஏழெட்டுக் கிடந்தது. காலி பாட்டில் இல்லாத காலி மனையை எங்கள் ஊரில் காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம். அதில் எது யாருடையது என்று எப்படிச் சொல்வது? அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

கேட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வாய் ஜாஸ்தி என்றுதானே ஆரம்பித்தேன். ஆனால் இதை மட்டும் கேட்கப் பயமாக இருந்தது. அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால், நான் போயே ஆக வேண்டும். சொன்ன சொல் அப்படி.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து, சனிக்கிழமை வருகிறோம் என்றேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். பரணிலிருந்து பையை இறக்கி, மகளின் கவுனை எடுத்துப் போட்டுப் பார்த்தால் மார்போடு நின்றுவிட்டது, கீழே இறங்கவில்லை. பதினாலு பதினைந்து மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருக்கிறாள். என்னம்மா இது பாப்பா சட்டை என்று அவள் சிரித்தாள். அவளை ஏன் என்று தெரியாமல் ஒரு அதட்டுப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பையை மறுபடி அடுக்குவதிலேயே நேரம் போய்விட்டது. சென்ட் அடிக்க நேரமில்லை, பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு அவர் வெளியே போகவில்லை. நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்து டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மகளுக்குத் தலைகூட வாரிவிட்டார். பையைப் பார்த்துவிட்டார், நல்லவர் வேஷம் போடுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்கு ஓடினேன்.

கச்சிராயபாளையத்தில் ஒரு மலைக்காரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புளி விற்றுவிட்டு வெறுங்கூடையோடு ஊர் திரும்புகிறவர். அணையைத் தாண்டும்போதுதான் எனக்கு சென்ட் ஞாபகம் வந்தது. எடுத்து மணிக்கட்டில் அடித்தேன். அவர் மூக்கைச் சுளிக்கவில்லை. மாறாக, மூச்சை நன்றாக இழுத்தார். என் கைப்பையை எட்டிப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இன்னாம்மா, ஊறல் பேரலத் தொறந்தாப்ல அடிக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. குடிக்குப் பயந்து வீட்டை விட்டே கிளம்புகிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? ஊறல் என்ற சொல்லைப் பேப்பரில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், மலையில் போலீஸ் ஊறலை அழித்தது என்று. அது எப்படி இருக்கும், என்ன வாசனை அடிக்கும் என்று நான் கண்டதில்லை. கொஞ்சம் விறைப்பாகவே கேட்டேன். கோபித்துக்கொள்ளாதே என்று என் கையைத் தட்டிக்கொடுத்து அவர் சொன்னார். வெல்லம், வேலம்பட்டை, அழுகிய பழம் எல்லாம் தண்ணீரில் போட்டுப் பேரலில் புளிக்க விடுவார்களாம். சாராயம் காய்ச்சுவது அதற்கப்புறம். புளித்துக் கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்தால் இதே வாசனைதானாம், இனிப்பாக, மூக்கில் ஏறுகிற மாதிரி. தப்பாக ஒன்றுமில்லை, வாசனை நல்லாத்தான் இருக்கிறது என்று சமாதானமும் சொன்னார். நாலு வளைவு ஏறிய பிறகு மறுபடி என் கையை மோந்து, இப்போது பூ வந்துவிட்டது, அது போய்விட்டது என்றார்.

அது போய்விட்டது என்ற சொல்லில்தான் எனக்கு உறைத்தது. கால் மணி நேரம். ஆறரையிலிருந்து ஆறே முக்கால்.

என் கணவர் மலையடிவார ஊர்க்காரர். நான் தியாகதுருகத்துக்காரி. குடி என்றால் எனக்கு மனிதர் வாயிலிருந்து வருகிற நாற்றம்தான். அவருக்கு அப்படியில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மலைமேல் மோட்டார் ரிப்பேருக்குப் போன இடத்தில்தான் முதன்முதலாகக் குடித்ததாக ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ஓடையோரம் பேரல், பேரலுக்கு மேல் தழை, தழையை விலக்கினால் வருகிற வாசனை. அந்த வாசனையைத்தான் நான் தினமும் காலையில் ஆசை ஆசையாகக் கழுத்தில் அடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றிருக்கிறேன். இன்றைக்கு அடிக்கவில்லை, இன்றைக்கு அவர் போகவில்லை.

அன்று பகல் எப்படிப் போனது என்று தெரியாது. ஒரு பயம் போய் அதைவிடப் பெரிய பயம் வந்திருந்தது. காலி மனையில் அவர் குடிக்கிறாரா இல்லையா என்பது இன்னும் எனக்குத் தெரியாது. குடித்திருந்தால் அதற்கு வழிகாட்டியவள் நான்தான். பாவி, நானே ஊற்றிக் கொடுத்த மாதிரி ஆயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது. பத்து மணிக்கு மணிக்கட்டில் அந்த மூன்றாவது வாசனை வந்தபோது முதல் தடவையாக அது எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக அவர் கடைக்குப் போனேன். காயில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றும்போது யார் வந்தாலும் நிமிர மாட்டார், எண்ணிக்கை தப்பிவிடும். உதடு மட்டும் அசைந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. நான் நின்றேன். கை நடுங்குகிறதா என்று கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுபது தாண்டியது. கை நடுங்கவில்லை. கம்பியை வெட்டி நூலால் கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார். காலையில் வெளியே போவது என் சென்ட்டாலா என்று கேட்டேன். கையில் இருந்த கட்டரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆமா. மொதல்ல அந்த பேரல் வாசனை வருது. வாயில தண்ணி ஊறுது, கையி காலு நிக்க மாட்டேங்குது. அங்க போய் செவுத்தப் பாத்துக்கினு நிக்கறேன். கொஞ்ச நேரத்துல அது போயிடுது. உள்ள வந்துடறேன்."

"அங்க ஒண்ணும் குடிக்கலையே?" என்றேன்.

"வந்து தண்ணி குடிக்கறேன், பாக்கல?"

என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று சண்டைக்குப் போனேன். சொல்லியிருந்தால் நீ சென்ட்டைத் தூக்கிப் போட்டிருப்பாய், ஆசையாக வாங்கினது என்றார். நான் சட்டையை மோந்து பார்ப்பதும் அவருக்குத் தெரியுமாம். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாராம். எனக்கு மானமே போய்விட்டது. அழுகையும் வந்துவிட்டது. கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து, இந்தச் சனியனைச் சாக்கடையில் போடுகிறேன் என்று வாசலுக்கு நடந்தேன். அவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். ஒரு மாசத்துக்கு மேல இருக்குமா? தெனம் வெளிய போனேன், தெனம் திரும்பி உள்ள வந்தேன். அத எதுக்கு தூக்கிப் போடற?"

மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பயந்துவிட்டார், பாவம். இப்போது அது இல்லைங்க, இப்போது வேறே என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து மோந்தார். மறுபடியும் மோந்தார். இது எப்போது வந்தது என்று கேட்டார். தினமும் பத்து மணியிலிருந்து இருக்கிறது என்றேன். சாயங்காலம் அவர் கடை சாத்தி வருவதற்குள் நான் குளித்துவிடுவேன், இந்த வாசனை அவருக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

"இத்தினி நாளா இது எனக்கு தெரியாதே" என்றார்.

அண்ணனுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். பையிலிருந்த பாப்பா சட்டைகளைத் தெருவில் ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். பை காலியாகப் பரண்மேல்தான் இருக்கிறது. தூக்கிப் போட இன்னும் தைரியம் வரவில்லை. அவர் சட்டையை இப்போதும் எப்போதாவது மோந்து பார்க்கிறேன். அது அவருக்கும் தெரியும்.

இப்போதெல்லாம் காலையில் வெளியே போவது நான்தான். பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், துணி துவைக்கிற கல்லருகே நின்று அடித்துக்கொள்வேன். என் மூக்கை நான் நம்புவதில்லை, கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். அவர் உள்ளே டீயோடு உட்கார்ந்திருப்பார். பத்து நிமிஷம் ஆனதும் குரல் வரும்.

"போயிடுச்சா?"

"இன்னும் கொஞ்ச நேரங்க" என்பேன்.